பிள்ளையின் கண்ணும் பெற்றோரின் கவனமும்

(யூபிலி ஆண்டுக் குடும்ப விழாவை முன்னிட்டு, நம் பங்கின் அன்னையர் மன்றக் கூட்டத்தில் கண் முகாம் குழுவினர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



யூபிலி ஆண்டில் எங்களையும் நாலு வார்த்தை பேசும்படி கேட்டுக் கொண்டார்கள். பங்கின் பழைய வரலாற்றைச் சொல்ல மூத்தவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது கண் முகாம் ஒன்றுதான். பெஞ்சு இழுத்துப் போடுவது, சீட்டு எழுதுவது, வயதானவர்களைக் கைபிடித்து வேனில் ஏற்றி இறக்குவது, ஆபரேஷன் முடிந்து திரும்பியவர்களுக்கு வேளை தவறாமல் சொட்டு மருந்து விடச் சொல்லி வீடு வீடாக ஞாபகப்படுத்துவது, இவைதான் எங்கள் வேலை. நாங்கள் டாக்டர்கள் அல்ல. டாக்டர்கள் பக்கத்தில் நின்று கேட்டதையும் பார்த்ததையும் அவர்களிடமே சரிபார்த்துக் கொண்டு உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இத்தனை முகாம்களிலும் நாங்கள் தேடித் தேடி அழைத்து வந்தது தாத்தாக்களையும் பாட்டிகளையும்தான். கண்புரை என்றால் ஊருக்கே தெரிகிறது. கண்மணி வெளுத்திருப்பதை எவரும் பார்க்கலாம். அந்தப் பாட்டியின் கையைப் பிடித்து வழி காட்டி அழைத்து வந்த நாலு வயதுப் பேரனை நாங்கள் "ஓரமாக நில் கண்ணு" என்று சொல்லி நிற்க வைத்தோம். அவன் கண்ணை நாங்கள் பார்க்கவில்லை. அவனுக்கு என்ன குறை, நன்றாகத்தானே ஓடி விளையாடுகிறான் என்று எண்ணினோம்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தறிக்காரர். பெயர் வேண்டாம், தம் கதையைச் சொல்லும்படி அவரே எங்களிடம் கேட்டுக் கொண்டார். விசைத்தறியில் நாடா பறப்பது என்றால் என்னவென்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் இரவு ஷிப்டில் நாடா தறியை விட்டுப் பறந்து அவருடைய வலது கண்ணில் அடித்துவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டு போனோம். டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்து கண்ணை எடுக்காமல் காப்பாற்றினார்கள். ஆனால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. "இன்னொரு கண் இருக்கிறதே, கடவுள் புண்ணியம்" என்று நாங்கள் அவருடைய வீட்டம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக் கொண்டிருந்தபோது டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். அந்த இடது கண்ணால் அவரால் முகத்துக்கு நேரே காட்டிய விரல்களைத்தான் எண்ண முடிந்தது. அதில் அடியும் இல்லை, புரையும் இல்லை, நோயும் இல்லை. சிறு வயதிலிருந்தே அது வேலை செய்யாத கண்.

"எனக்கே தெரியாதுங்களே" என்றார் அவர். முப்பத்திரண்டு வருஷம் ஒற்றைக் கண்ணால் நூல் இணைத்து, பாவு பார்த்து, பைக் ஓட்டி, பெண் பார்த்துக் கல்யாணமும் பண்ணிக் கொண்டவர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்துப் பழகினால்தானே தெரியும்? அந்த அவசியம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவரைச் சோதித்தவர்களும் யாருமில்லை. அவர் எங்களிடம் கேட்ட கேள்வி இன்னும் எங்கள் காதில் இருக்கிறது: "மூணு வயசுல யாராச்சும் பார்த்திருந்தா சரி பண்ணியிருக்கலாம்னு டாக்டர் சொல்றாருங்க. ஏனுங்க யாருமே பார்க்கலை?"

இதற்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் சோம்பல் கண். இது எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கண் மட்டும் பார்ப்பதில்லை. மூளையும் சேர்ந்தே பார்க்கிறது. பிறந்த சிசுவின் கண் முழுமையான கண்தான், ஆனால் சின்னது. பெரியவர் கண் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளம்; சிசுவின் கண் 17 மில்லிமீட்டருக்குச் சற்று ஏறக்குறைய. பிறந்த புதிதில் குழந்தைக்கு எல்லாம் மங்கல். மடியில் கிடந்து பால் குடிக்கும் தூரத்தில் தாயின் முகம் மட்டும் ஓரளவு புலப்படும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முகத்தை நிலைத்துப் பார்த்துச் சிரிக்கிறது. மூன்று மாதத்தில் ஆடும் கிலுகிலுப்பையைக் கண்ணால் தொடர்கிறது. அதன்பின் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சேர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்கின்றன. பார்ப்பதும் நடப்பதைப் போலக் கற்க வேண்டிய வித்தைதான். கற்கும் காலம் முதல் ஏழு எட்டு வருஷங்கள். அதிலும் முதல் சில வருஷங்களே மிக முக்கியம்.

இந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படமும் மறு கண்ணிலிருந்து கலங்கிய படமும் வந்தால் மூளை என்ன செய்யும்? கலங்கியதை ஒதுக்கிவிட்டுத் தெளிவானதை மட்டும் வைத்துக்கொள்ளும். நம் சாதாரணத் தறியில் ஊடை அறுந்தால் தறி நின்றுவிடும். உடனே ஓடிப் போய்ப் பார்க்கிறோம். பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நிற்பதில்லை. துணி ஓடிக்கொண்டே இருக்கிறது. மடித்துப் பார்க்கும்போதுதான் நெடுகக் கோடு விழுந்திருப்பது தெரிகிறது. சோம்பல் கண் அப்படிப்பட்டது. தறி நிற்பதில்லை, பிள்ளையும் முறையிடுவதில்லை.

டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் 1960களில் பூனைக்குட்டிகளைக் கொண்டு இதை நிரூபித்தார்கள். குட்டியாக இருக்கும்போது ஒரு கண்ணின் இமையைச் சில மாதம் மூடி வைத்துப் பிறகு திறந்தால், கண் பழுதில்லாமல் இருந்தும் அதனால் பார்க்க முடியவில்லை. வளர்ந்த பூனைக்கு அதே போலச் செய்தால் ஒன்றும் ஆகவில்லை. குறை கண்ணில் இல்லை, கற்கும் காலம் தவறியதில்தான் இருந்தது. 1981ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பூனைக்குட்டிகளை நினைத்தால் நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளின் பிறவிக் கண்புரையை எட்டு வயதுவரை தள்ளிப் போடாமல் முதல் சில மாதங்களிலேயே எடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதனால்தான் தெளிவாயிற்று.

படம் கலங்குவதற்குக் காரணங்கள் பல. மாறுகண் ஒன்று. இரண்டு கண்களின் பவர் சமமில்லாமல் இருப்பது இன்னொன்று. நம் தறிக்காரருக்கு இருந்தது இதுதான், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இமை தொங்குவதும், பிறவிக் கண்புரையும் மற்றவை.

மாறுகண்ணைப் பற்றி இங்கே கட்டாயம் பேச வேண்டியிருக்கிறது. "பிள்ளைக்கு மாறுகண், குடும்பத்துக்கு அதிர்ஷ்டமுங்க" என்று நம் வீடுகளில் சொல்வதை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ஒரு தாய் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது மாமியார் வாசலில் நின்று, "வந்த லட்சுமியைத் துரத்தாதே அம்மிணி" என்று தடுத்ததை நாங்களே கண்டோம். அந்த அம்மாவின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. பேத்தியை ஊரார் கேலி பேசாதிருக்கவே முன்னோர் அப்படியொரு சொல்லை உண்டாக்கினார்களோ என்னவோ. ஆனால் அந்த அதிர்ஷ்டத்துக்குப் பிள்ளை கொடுக்கும் விலை ஒரு கண்ணின் பார்வை. முதல் இரண்டு மூன்று மாதம் சிசுவின் கண் எப்போதாவது ஓடுவது சகஜம். நாலு மாதத்துக்குப் பிறகும் ஓடினால் காட்டியே தீர வேண்டும். "வளர வளரச் சரியாகும்" என்று இருந்துவிடக் கூடாது. சில குழந்தைகளுக்கு மூக்கின் அடித்தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தோற்றம் மட்டும் இருக்கும். அது எது, இது எது என்று தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா அல்ல.

ஆபரேஷன் என்றதும் கண்ணை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப மாட்டுகிறார்கள் என்றொரு பேச்சும் உலவுகிறது. அது வெறும் கட்டுக்கதை. கண்ணை அசைக்கும் தசைகள் கண்ணின் வெளிப்புறத்தில் இருக்கின்றன; அவற்றைத்தான் இழுத்தோ தளர்த்தியோ தைக்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு ஆபரேஷனே வேண்டியிருப்பதில்லை. சரியான மூக்குக்கண்ணாடி போட்டதும் கண் நேராகிவிடுகிறது.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை ஏதாவதொன்றைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் உள்ளங்கையால் ஒரு கண்ணை மறையுங்கள். பிறகு மறு கண்ணை மறையுங்கள். ஒரு பக்கம் மறைத்தபோது சும்மா இருந்துவிட்டு, மறு பக்கம் மறைத்ததும் கையைத் தட்டிவிட்டு அழுதால், நீங்கள் மறைத்தது அவன் நம்பியிருக்கும் ஒரே கண்ணாக இருக்கலாம். தலையைச் சாய்த்தே பார்ப்பது, வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்வது, டெலிவிஷனுக்கு நேரே போய் நிற்பது, படிக்கட்டில் தடுமாறுவது இவையும் அறிகுறிகள். பிள்ளையின் கண்ணோடு தகப்பனார், தாயார், அத்தை, மாமா இவர்களின் கண்ணையும் நினைத்துப் பாருங்கள். குடும்பத்தில் மாறுகண்ணோ, சிறு வயதிலேயே கனத்த கண்ணாடியோ இருந்தால் ஓர் அறிகுறியும் இல்லாமலே காட்ட வேண்டும்.

எந்த அறிகுறியும் வெளியே தெரியாத பிள்ளைகளும் பலர். அதனால்தான் பிறந்ததும் ஒருமுறை, ஒரு வயதுக்குள் ஒருமுறை, மூன்று வயது முடிந்ததும் தவறாமல் ஒருமுறை, பள்ளியில் சேர்க்கும்போது மறுபடியும் என்று பார்க்கச் சொல்கிறார்கள். பனியன் கம்பெனியில் நம் பெண்கள் செக்கிங் மேஜையில் நின்று ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் விரித்து, ஊசி ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்காமல் ஒரு பீஸ்கூடப் பெட்டிக்குள் போவதில்லை. அந்த மேஜையிலிருந்து வீடு திரும்பும் தாயின் பிள்ளை, கண்ணைச் சோதிக்காமலே முதல் வகுப்புக்குப் போகிறது. குறை தாயினுடையது அல்ல. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவளுக்கு ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் சம்பளம் போச்சு. அதனால்தான் பரிசோதனையை அவள் வரும் இடத்துக்கே, அதாவது ஞாயிறு பூசைக்கே கொண்டு வரலாம் என்று நினைத்தோம்.

"எழுத்தே தெரியாத பிள்ளைக்கு எப்படிங்க டெஸ்ட் பண்ணுவாங்க?" என்று கேட்கிறீர்கள். சுவரில் மாட்டும் எழுத்து அட்டையை ஸ்நெல்லன் என்ற ஹாலந்து டாக்டர் 1862ல் உண்டாக்கினார். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம் போட்ட அட்டைகள் உண்டு. மூன்று கால் உள்ள ஓர் எழுத்தைப் பல பக்கமும் திருப்பிக் காட்டி, கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்வதும் உண்டு. பேசத் தெரியாத சிசுவுக்கும் பவர் பார்க்கலாம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, சிறிய விளக்குக் கருவியால் உள்ளே ஒளி காட்டி, அந்த ஒளி திரும்பி வரும்போது எப்படி அசைகிறது என்று பார்த்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்து டாக்டர் பவரைக் கணக்கிட்டு விடுகிறார். பிள்ளை ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. மருந்து விட்டபின் வெயில் கூசும், கிட்டத்தில் உள்ளது மங்கும். சில மருந்துக்கு ஒருநாளில் சரியாகும், சிலதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். போகும்போதே தொப்பி ஒன்றை எடுத்துப் போவது நல்லது.

இனி நம் தறிக்காரர் வீட்டுக்குத் திரும்புவோம். அவருக்கு மூன்றரை வயதில் ஒரு மகள். தகப்பனாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தவளை டாக்டர் தாமாகவே உட்கார வைத்துச் சோதித்தார். அப்பாவைப் போலவே இடது கண்ணில் பவர் மிக அதிகம். பார்வை அட்டையில் மேலிருந்து இரண்டாவது வரிக்குக் கீழே போக முடியவில்லை. கண்ணாடி எழுதினார். சில வாரம் கண்ணாடி மட்டும் போட்டபின், நல்ல கண்ணை நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடச் சொன்னார். நல்ல கண்ணை மூடினால்தான் சோம்பல் கண் வேலை செய்யும்.

இரண்டு மணி நேரம் போதுமா என்று நாங்களும் கேட்டோம். நடுத்தரமான சோம்பல் கண்ணுக்கு இரண்டு மணி நேரம் மூடினாலும் ஆறு மணி நேரம் மூடினாலும் நாலு மாதத்தில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2003ல் அமெரிக்கக் கண் டாக்டர்கள் பல ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்து வெளியிட்டிருக்கிறார்களாம். கடுமையாக இருந்தால் கூடுதல் நேரம் மூட வேண்டும்.

சொல்வது எளிது. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு நல்ல கண்ணை மூடுவது என்றால் உலகத்தையே இருட்டடித்தாற்போல. முதல் வாரம் முழுவதும் அழுகை. பிய்த்து எறிந்தாள். வீட்டம்மா கம்பெனிக்குப் போயாக வேண்டும். அவரோ கண் கட்டோடு படுத்திருக்கிறார். கடைசியில் வழி கண்டுபிடித்தவர் அப்பத்தாதான். காடாத் துணியில் ஒரு துண்டு வெட்டித் தம் மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, "வா கண்ணு, ரெண்டு பேரும் ஒத்தைக் கண்ணுல அரிசியில கல்லுப் பொறுக்கலாம்" என்று திண்ணையில் உட்கார்ந்தார். தினமும் மாலை நாலிலிருந்து ஆறு மணிவரை. கல் பொறுக்குவது, மணி கோப்பது, படத்துக்குச் சாயம் அடிப்பது போன்ற கிட்டப் பார்வை வேலைகள் சோம்பல் கண்ணுக்கு நல்லவை என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அந்தத் தெருவில் அந்த நாலு மாதமும் எவர் வீட்டு அரிசியிலும் கல் இருந்ததில்லை! ஐந்தாம் மாதம் அட்டையில் ஐந்தாவது வரியைப் படித்தாள். இன்னும் போகிறார்கள், வருகிறார்கள். விட்டால் திரும்பக் குறையக்கூடும் என்பதால் டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

"எங்க பையனுக்குப் பத்து வயசு ஆயிருச்சே" என்று மனம் தளர வேண்டாம். ஏழு வயதுக்குமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் முன்பு சொல்வார்கள். 2005ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சியில், ஏழு முதல் பன்னிரண்டு வயதுள்ளவர்களில் கண்ணாடியோடு மறைப்பும் கிட்டப் பார்வைப் பயிற்சியும் செய்தவர்களில் 53 சதவிகிதம் பேர் முன்னேறினார்கள். கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவிகிதம். முன்னேற்றம் என்றால் முழுப் பார்வை என்று பொருளல்ல. சிறு வயதில் கிடைக்கும் அளவு கிடைப்பது அரிது. ஆனாலும் ஒருமுறை காட்டாமல் விடாதீர்கள்.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத சில உண்டு. குழந்தையின் கண்மணியில் வெள்ளையாக, இருட்டில் பூனைக்கண் மின்னுவதைப் போல ஒளி தெரிந்தால் அன்றைக்கே புறப்பட வேண்டும். ஞானஸ்நான போட்டோவிலோ பிறந்த நாள் போட்டோவிலோ ஒரு கண் சிவப்பாகவும் மறு கண் வெள்ளையாகவும் விழுந்திருந்தாலும் அப்படியே. அது கண்புரையாக இருக்கலாம். கண்ணின் உள்ளே வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. சீக்கிரம் கண்டால் உயிர் பிழைக்கும், பல சமயம் கண்ணும் பிழைக்கும். அடுத்தது குறைமாதக் குழந்தைகள். 34 வாரத்துக்கு முன்னரோ, இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால், பிறந்த 30 நாளுக்குள் கண்ணின் உள்விழித்திரையை டாக்டர் பார்த்தாக வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்னே. உள்ளே இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து திரையைக் கிழித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆகிற சந்தோஷத்தில் இந்த ஒரு தேதியை மறந்து கண்ணிழந்த பிள்ளைகள் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு ரூபெல்லா என்னும் அம்மை கண்டால் சிசுவுக்குப் பிறவிக் கண்புரை வரலாம் என்பதை ஆஸ்திரேலியாவின் கிரெக் என்ற கண் டாக்டர் 1941ல் கண்டு சொன்னார். நம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளை நம்பிப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்திருந்தார்கள். நம் வீடுகளிலும் சிலர். ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் போடும் அந்த ஊசி, நாளைக்குப் பிறக்கப் போகும் பேரப்பிள்ளையின் கண்ணுக்கும் காவல் என்று அப்போது எடுத்துச் சொல்ல நாங்களும் தவறிவிட்டோம்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகப் பேச மாட்டோம். முருங்கைக்கீரையும் பப்பாளியும் நம் கொல்லையிலேயே இருக்கின்றன. ஆனால் ஒரு செய்தியை நம் தமிழ்நாட்டின் பெருமையாகச் சொல்ல வேண்டும். மாலைக்கண்ணுக்கு வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்பது முன்பே தெரியும். அது பார்வையோடு உயிரையும் காக்குமா என்று கேட்டு, டாக்டர் ரஹ்மதுல்லா தலைமையில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் திருச்சி மாவட்டத்துக் கிராமங்களில் பள்ளி செல்லாப் பருவத்துப் பிள்ளைகள் 15,419 பேரிடம் வாரந்தோறும் சொட்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1990ல் முடிவு வெளியாயிற்று. வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே இறப்பு 54 சதவிகிதம் குறைந்திருந்தது. அரசாங்கம் ஒன்பதாம் மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கொடுக்கும் அந்த மஞ்சள் திரவத்தை, "வெறும் டானிக்" என்று இனி எவரும் சொல்லக் கூடாது.

அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918ல் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கொண்டார். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். 1997ல் கோயம்புத்தூரிலும் அந்த ஆஸ்பத்திரி வந்ததால் நம்மவர்களுக்கு மதுரைக்கு அலையும் பாடு நீங்கிற்று. குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவும் அங்கே இருக்கிறது.

கைவைத்தியம் பற்றிக் கேட்டார்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு, தேன், மை, எதையும் பிள்ளையின் கண்ணில் விட வேண்டாம். ஒரு பெரியவர் எங்களை மடக்கினார்: "தோபித்து ஆகமத்தில் மீனின் பித்தத்தைக் கண்ணில் தடவித்தானே பார்வை வந்தது?" வாஸ்தவம். ஆனால் தடவச் சொன்னவர் ரபேல் சம்மனசு! அந்தத் தகுதி உள்ளவர்கள் நம் தெருவில் இல்லை. சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் துடைத்துக் கொண்டிருக்காமல் உடனே குழாயடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரமாவது கழுவிவிட்டு ஓடுங்கள்.

செல்போனுக்கு வருவோம். இதைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. தறி ஓடும் வீட்டில் பிள்ளை தறிப்பக்கம் வராமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கையில் போனைக் கொடுக்கிறோம். நாடாவுக்குப் பயந்து கொடுக்கும் போன் அது. ஆனால் பிள்ளைகள் வெளிச்சத்தில் விளையாடாமல் உள்ளேயே கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் கிட்டப்பார்வை கூடுகிறது. சீனாவின் குவாங்சௌ நகரில் 12 பள்ளிகளில் ஆராய்ந்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் 30.4 சதவிகிதத்தினருக்கும், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவிகிதத்தினருக்கும் கிட்டப்பார்வை வந்தது. 2015ல் வெளியான செய்தி. மருந்தில்லை, செலவில்லை, வெளிச்சம்தான். மாலையில் தெருப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக் குளக்கரைப் பக்கமோ கோவில் மைதானத்துக்கோ அழைத்துப் போக முறை வைத்துக்கொள்ள இரண்டு தெருக்காரர்கள் முன்வந்திருக்கிறார்கள். மற்றவர்களும் பேசிக் கொள்ளுங்கள்.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் 2013ல் வந்த திட்டத்தின்படி டாக்டர் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அரசுப் பள்ளிகளில் கண்ணாடியும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தி விடாதீர்கள். சீட்டு எழுதிக் கொடுத்தால் அதை மாதாப் படத்துக்குப் பின்னால் செருகி வைக்காமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். திருப்பூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ கோயம்புத்தூருக்கோ கூடவே வருகிறோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் தறிகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சபை, எந்த மதம் என்று கேட்கத் தேவையில்லை, அழைத்து வாருங்கள். இந்தி தெரிந்த கன்னியர் ஒருவர் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடி போட்ட பெண்ணுக்கு வரன் வராது என்று யாராவது சொன்னால் அந்தத் தறிக்காரர் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். அவரே பதில் சொல்வார். இப்போது அவரால் தறி ஓட்ட முடியவில்லை. முகாமில் எங்களோடு சீட்டு எழுதும் இடத்தில் உட்காருகிறார். எழுத்து அவருடைய மகனுடையது. பெயரும் வயதும் கேட்டுச் சொல்வது அவர். பிள்ளையோடு வரும் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பது, "ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியா மூடிப் பார்த்தீங்களா?" என்பதுதான்.

வரும் இரண்டாம் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்கென்றே முகாம். ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரை எல்லாரையும் அழைத்து வாருங்கள். குறை இருக்கிறவர்களை மட்டுமல்ல. பழைய கண்ணாடி இருந்தால் அதையும், குறைமாதக் குழந்தையானால் டிஸ்சார்ஜ் காகிதத்தையும், வெள்ளை ஒளி விழுந்த போட்டோ இருந்தால் அந்தப் போட்டோவையும் கொண்டு வாருங்கள். சொட்டு மருந்து விட்டபின் ஒரு மணி நேரமாவது காத்திருக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளைத் தயவுசெய்து வயிறு நிறையச் சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். பசித்த பிள்ளை டாக்டரின் விளக்கைப் பார்க்காது.